நான்கு விரற்கடை

காவிரிக்கு அந்நாளில் இரண்டு உடல்கள் இருந்தன. குடகு மலையின் ஈரத்தில் ஊறி, சிவசமுத்திரத்தில் விழுந்து, ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்து, மேட்டூரில் தேங்கி, முக்கொம்பில் இரண்டாகி, கல்லணைக்குக் கீழே விரல் விரலாகப் பிரிந்து கடலைச் சேரும் உடல் ஒன்று. திருச்சிராப்பள்ளியில், நீர்முறை வாரியத்தின் குளிரூட்டிய கூடத்தில், கணினிகளுக்குள் ஓடிய உடல் மற்றொன்று. பின்னதற்கு நிழலாறு என்று பெயர்.

நிழலாறு வெறும் வரைபடம் அன்று. நூற்றறுபது ஆண்டுகளாக ஆற்றங்கரை ஊழியர்கள் பதிவேடுகளில் எழுதிவைத்த நீர்மட்டங்களையும், பல ஆண்டுகளாக உணரிகள் நிமிடந்தோறும் அனுப்பிய அளவுகளையும் படித்து, ஆறு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தானே கற்றுக்கொண்ட ஆறு அது. மேட்டூரில் விட்ட நீர் எந்த நாளில், எந்த வாய்க்காலில், எத்தனை அங்குலம் ஏறும் என்று அது முன்கூட்டியே சொல்லும். சொல்வதோடு நில்லாமல், வழியிலுள்ள மதகுகளைத் தானே திறந்து மூடவும் செய்யும். இரண்டு மாநிலங்களும் தலைமுறை தலைமுறையாக வழக்காடிக் களைத்த பின், ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஆற்றின் இயல்பு எது என்பதை இனி மனிதர் சொல்ல வேண்டா. நிழலாறு எதை இயல்பு என்று கொள்கிறதோ, அதையே இரு தரப்பும் இயல்பு என்று ஏற்கும்.

ஆறு ஆண்டுகளாகச் சண்டை இல்லை. உடன்படிக்கையின் இறுதி விதி மட்டும் எஞ்சியிருந்தது. மனிதக் கை தொடக்கூடிய மதகு எதுவும் ஆற்றில் இருத்தலாகாது என்பது அவ்விதி. ஆதலால் மதகு ஒவ்வொன்றிலும் மோட்டாரைப் பொருத்தி, கைச்சக்கரத்தைக் கழற்றி, ஈய முத்திரை வைத்துக்கொண்டே வந்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். கடைசி மதகுக்கு மட்டும், நிழலாற்றை உருவாக்கியவர்களுள் ஒருவரான நீரியலாளர் அபயாம்பிகை நேரில் வந்தார். நாற்பத்தாறு வயது, மயிலாடுதுறைக்காரர், எந்த அளவையும் இருமுறை எடுக்காமல் எழுதாதவர்.

கடைசி மதகு இருந்த ஊர் நாணல்மேடு. கடலுக்குப் பதினான்கு கிலோமீட்டர் மேற்கே, காவிரியின் குறுக்கே ஆறு மதகுகள். தென்கரையில், ஊமையாறு என்ற சிறு கிளைக்கு ஒற்றை மதகு. மேட்டூர் அணை எழுந்த பின் ஆற்றுப் பட்டியலைத் திருத்தியபோது, 'நீர் தேவையில்லை' என்று ஊமையாற்றின் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகளாக அந்த மதகைப் பற்றிப் பதிவேட்டில் நாள்தோறும் ஒரே சொல்தான் இருந்தது: மூடியுள்ளது.

அந்தச் சொல்லைக் கடந்த முப்பத்தொரு ஆண்டுகளாக எழுதி வந்தவர் லஸ்கர் உத்திராபதி. மதகுகளைக் காப்பதும், காலை எட்டு மணிக்கு அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைப் பதிவதும் லஸ்கரின் வேலை. ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. ஆடி பதினாறாம் நாள் காலை, தேய்த்த காக்கிச் சட்டையுடன் ஜீப்பின் அருகே ஓடிவந்தார்.

"வாங்கம்மா, வாங்க. காப்பி வாங்கியாரச் சொல்லவா? வெயிலு ஏறுறதுக்குள்ள வேலையப் பாத்துப்புடலாம்."

"காப்பி அப்புறம் ஆகட்டும். ஊமையாத்து மதகு எது?"

"அது செத்த ஷட்டருங்கம்மா. அணை கட்டுனதுலேருந்து மூடிக் கெடக்கு. சக்கரத்தக் கழட்டி முத்திரைய வச்சா முடிஞ்சிது. அதுல போயி என்னாத்தப் பாக்கப்போறீங்க?"

அபயாம்பிகை மேடையில் ஏறினார். மதகுப் பலகையைத் தூக்கி இறக்கும் திருகுத் தண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. பழைய புளியமரத்துப் பட்டையைப் போல அடுக்கடுக்காகத் துரு. ஆனால் அடியில், சக்கரம் பொருந்தும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு பகுதி மட்டும் வெள்ளிக் கொலுசாக மின்னியது. அதன் மேல் மஞ்சள் நிறத்தில் புதிய கிரீஸ். அபயாம்பிகை கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, கையை அந்தப் பளபளப்பின் மேல் வைத்துப் பார்த்தார். நான்கு விரல்களும் சரியாக அடங்கின.

"இது என்ன?"

"கிரீசுங்கம்மா."

"அது தெரியுது. ஓடாத மதகுக்கு எதுக்குக் கிரீஸ்?"

"ஆபீசர் வர்றாங்கன்னா ஷட்டரு அழுக்கா இருக்கலாமாங்க? முப்பத்தொரு வருச சர்வீசுல எந்த ஆபீசரும் என்னைய ஒரு வார்த்த சொன்னதில்ல."

"அப்படின்னா முழுத் தண்டுக்கும் போட்டிருக்கணும். மேலெல்லாம் துரு. நாலு விரல் அகலத்துக்கு மட்டும் ஏன் போட்டீங்க?"

உத்திராபதி தண்டைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார். நாள்தோறும் எந்த இடத்தில் தடவினாரோ, அதிகாரி வரும் நாளிலும் அந்தக் கை அங்கேயே தடவியிருந்தது. துடைத்து வைத்திருந்தாலாவது வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"போச்சு" என்றார் மெல்ல. பிறகு, மேடையின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தாமாகவே சொன்னார். "நாலு விரக்கடைதாம்மா தூக்குவேன். அதுக்கு மேல தூக்குனா அளவுகோல்ல தெரிஞ்சிரும். விடியக்காலம் நாலரைக்குத் தொறந்தா, ஆறரைக்கு மூடிப்புடுவேன். எட்டு மணிக்கு அளவு எடுக்கையில தண்ணி பழையபடி நின்னுடும்."

"தினமுமா?"

"எங்க அம்மா செத்தன்னிக்கி மட்டும் தொறக்கல. அன்னிக்கி எங்க வீட்டுக்காரி வந்து தொறந்தா."

"மோட்டார் போட்ட பிறகுமா? நிழலாத்துக்குத் தெரியாமப் போச்சா?"

"கையால சுத்தையில மோட்டாரு வெலகிக்கிதுங்க. அதுக்கு ஒன்னும் தெரியல."

அபயாம்பிகை மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை உட்காரவைத்தது திருட்டு அன்று, நேரம். நாலரை முதல் ஆறரை வரை.

அந்த இரண்டு மணி நேரத்தால்தான் அவர் பெயர் பெற்றிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன், முதல் உணரிகள் ஆற்றில் இறங்கிய காலத்தில், ஒரு விந்தையை அவர் கண்டுபிடித்தார். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஆற்றின் மட்டம் ஒரு நூலளவு தாழ்ந்து, பிறகு நிமிர்கிறது. இரவெல்லாம் குளிர்ந்த கரைமணல் அந்த நேரத்தில் நீரைக் குடிக்கிறது என்று விளக்கி, விடியற்கசிவு என்று அதற்குப் பெயரிட்டார். ஆய்வேட்டை ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர், யாராவது மதகைத் திறக்கிறார்களோ என்று கேட்டார். அபயாம்பிகை கூறிய விடையைப் பின்னாளில் பாடநூல்களிலும் சேர்த்தார்கள்: "ஓரிடம் என்றால் ஒருவரை ஐயுறலாம். இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில், இரண்டு மாநிலங்களில், ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள் ஒரே நேரத்தில், ஒரே அளவில் திருட முடியாது. அது இயற்கையின் விதி." அவருக்குப் பதக்கம் கிடைத்தது. நிழலாற்றுக்குள்ளும் அந்த விதி போயிற்று. பின்னர்ச் சக்கரங்களைக் கழற்றிய இடங்களிலும் கசிவு நிற்காமல் தொடரவே, விதிக்கு அது மேலும் ஒரு சான்றாயிற்று.

இப்போது அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே நின்றது.

"எதுக்காகத் தொறந்தீங்க?" என்றார் அபயாம்பிகை.

"சொன்னா வெளங்காது. வாங்க, காட்டுறேன். ஜீப்பு போவாது. என் வண்டியில ஒக்காருவீங்களா?"

ஊமையாற்றின் கரையில் வண்டி குதித்துக் குதித்துச் சென்றது. பட்டியலில் இல்லாத ஆற்றில் முழங்கால் அளவு நீர் இருந்தது. கோரையும் நாணலும் இருபுறமும் அடர்ந்து, நடுவே மட்டும் வானம் தெரிந்தது. ஒரு மணல்திட்டின் அருகே உத்திராபதி வண்டியை நிறுத்தி, வாயில் விரலை வைத்துக் காட்டினார். திட்டின் மேல் மீன்செதிலும் இறால் ஓடும் கலந்த எச்சம் குவியலாகக் கிடந்தது. சற்று நேரத்தில் நீருக்குள்ளிருந்து தட்டையான தலைகள் எழுந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து. பெரிய நீர்நாய் ஒரு விரால் மீனை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு, குட்டிகளின் முன்னால் வேண்டுமென்றே நழுவவிட்டது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அதைத் துரத்தின. ஒரு குட்டி மட்டும் மீனை மறந்து, சகோதரனின் வாலைக் கடித்தது.

"மொத்தக் கடைமடையிலயும் இந்த ஒரு குடும்பந்தாம்மா பாக்கி. அணைக்கு மின்னாடி கடல்லேருந்து உள்ளம் மீனு கூட்டங்கூட்டமா ஏறுமாம். நான் பாத்ததில்ல. இதுங்களையாச்சும் பாத்துட்டோம்."

இன்னும் ஒரு கிலோமீட்டர் சென்றதும் ஊமையாறு ஒரு மடுவில் முடிந்தது. அதைச் சுற்றி மடுவங்கரை, இருநூறு வீடுகள். மடுவின் ஓரத்தில் வலையை அலசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். அவள் பெயர் தையல்நாயகி; அவ்வூர் மீனவப் பெண்களின் சங்கத் தலைவி.

"ஏ மாமா, யாரு இது? சக்கரத்தக் கழட்ட வந்தவங்களா?"

"தையலு, வாயக் கொஞ்சம் அடக்கு. பெரிய ஆபீசரு."

"பெரிய ஆபீசருன்னா பெரிய சொம்புலதான் தண்ணி குடுக்கணும்." உள்ளே சென்று சொம்பைக் கொணர்ந்தாள். "குடிங்கம்மா. எங்க அடிகுழாய்த் தண்ணி."

நீர் இளநீரைப் போல இருந்தது. அபயாம்பிகை குடித்து முடித்ததும், தையல்நாயகி வேறொரு சொம்பை நீட்டினாள். "இதையும் குடிங்க. அந்தப் பனமரத்துக்கு அந்தாண்ட எடுத்தது. முந்நூறு அடிதான் தூரம்."

ஒரு வாய்க்கு மேல் செல்லவில்லை. அபயாம்பிகை திரும்பிக்கொண்டு துப்பினார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"உப்புத்தண்ணி அடியில படுத்துக் கெடக்கும்மா" என்றாள் தையல்நாயகி. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "மேல நல்ல தண்ணி அமுக்கிட்டு இருக்குற வரைக்கும் அது எந்திரிக்காது. ஒங்க முத்திரைய வச்சீங்கன்னா ஆறே மாசத்துல எந்திரிச்சிரும். அப்புறம் எந்த ஊருக்குப் போறது நாங்க?"

"இது தெரிஞ்சு முதல்ல திறந்தது யாரு?"

விடை உத்திராபதியிடமிருந்து வந்தது. "கலியபெருமாளுன்னு ஒரு லஸ்கரு. அணை கட்டுன மறுவருசம். இங்க தண்ணிக்கி அழுவுறத ரெண்டு நாளு கேட்டாராம். மூணாம் நாளு நாலு விரக்கடை தூக்கிட்டாரு. அவருக்கப்புறம் நான் பதினோராவது ஆளு. சார்ஜு ஒப்படைக்கையில சாவிய கையில குடுப்பாங்க, இத காதுல சொல்லுவாங்க. ஒருத்தரும் மாட்டேன்னு சொன்னதில்ல."

தையல்நாயகி ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இழுத்து அபயாம்பிகையின் முன்னால் வைத்தாள். அதற்குள் கண்ணாடி நூல்களைப் போல விரல் நீள விலாங்குக் குஞ்சுகள் நெளிந்தன. "கடல்ல பொறந்து, ஓடை வழியா இந்த மடுவுக்கு வந்து, மேக்க ஏறுறது இதுங்க வழக்கம். காவிரியில இப்ப எல்லா வாசலுக்கும் கதவு. இந்த ஒரு சந்துலதான் நொழையுதுங்க. நாலு விரக்கடை இதுங்களுக்குத் தாராளம்."

முக்கொம்பு வரை விலாங்குகள் எவ்வாறு வந்து சேருகின்றன என்று வாரியத்தின் ஆண்டறிக்கையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வியப்பு இடம்பெறும். அதை எழுதுபவரும் அபயாம்பிகைதான்.

இருவரும் திரும்பினார்கள். மதகின் அருகே வந்ததும் உத்திராபதி வண்டியை அணைத்தார்.

"அம்மா, நாளைக்கித் தலைமைப் பொறியாளரு வர்றாரு. நீங்க கிரீசப் பாக்கலன்னு எழுதிப்புட்டா..."

"எழுதினா? சக்கரத்தைக் கழட்டின பிறகு தண்ணி எப்படிப் போகும்?"

"போவாது."

"அப்போ பொய் எழுதி யாருக்கு லாபம்? உண்மையை எழுதறேன். அவங்க மனசு மாறினா மாறட்டும். உங்க பேரை எழுத மாட்டேன்."

"எழுதுங்கம்மா. பேரில்லாத கையின்னா பேயின்னு நெனச்சுக்குவாங்க. நான் ஒருத்தன் இருந்தேன்னு தெரியட்டும்."

அன்று மாலை விளக்கேற்றும் நேரத்துக்குள் அபயாம்பிகை அறிக்கையை முடித்தார். நாணல்மேட்டில் விடியற்கசிவு என்று தாம் கூறியது பிழை. அது ஒரு மனிதரின் கை. கடந்த முப்பத்தொரு ஆண்டுகளில் அக்கையின் பெயர் உத்திராபதி. அக்கை நின்றால் இருநூறு குடும்பங்களின் குடிநீரும் ஒரு கிளையாற்றின் உயிர்களும் அழியும். மூன்று முறை படித்து, கையொப்பமிட்டார்.

மறுநாள் வந்த தலைமைப் பொறியாளர் சௌரிராஜன் அதை நின்றபடியே படித்தார். படித்த பின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க பதக்கத்தைத் திருப்பிக் கேட்பாங்க, தெரியுமா?"

"கேட்டா கொடுக்கிறேன் சார்."

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லம்மா. ஆனா ரெண்டு ஸ்டேட்டும் இந்தக் கடைசி முத்திரையைத்தான் பார்த்துட்டிருக்கு. ஒரு மதகுல கை இருந்துச்சுன்னு தெரிஞ்சா, எல்லா மதகுலயும் கை இருக்குன்னு ஆரம்பிப்பாங்க. திரும்பவும் நாற்பது வருஷம் கோர்ட்டு. சட்டப்படி ஊமையாறுன்னு ஓர் ஆறே இல்ல. நான் மூடித்தான் ஆகணும். மடுவங்கரைக்குக் குழாய்த் தண்ணிக்கு இன்னைக்கே எழுதறேன்."

"நீர்நாய்க்கும் விலாங்குக்கும் குழாய் போடுவீங்களா சார்?"

சௌரிராஜன் ஒப்பந்தக்காரரின் ஆளைக் கையசைத்து அழைத்தார். உத்திராபதி குறுக்கே வந்தார்.

"அவன் வேண்டாங்கய்யா. நானே கழட்டுறேன். பழகாத கை பட்டா மரை கெட்டுப்போயிரும்."

சக்கரத்தை அவரே கழற்றினார். துணியால் துடைத்து, குழந்தையை ஒப்படைப்பவரைப் போல இரு கைகளாலும் நீட்டினார். ஈய முத்திரை விழுந்தது. அன்றைய பதிவேட்டிலும் 'மூடியுள்ளது' என்று எழுதினார்; அச்சொல் மெய்யான முதல் நாள் அது.

மறுநாள் ஆடிப்பெருக்கு. கிழக்கு வெளுக்குமுன்பே மடுவங்கரைப் பெண்கள் மஞ்சளும் காதோலையும் கருகமணியும் ஏந்தி நாணல்மேட்டுக்கு வந்திருந்தார்கள். ஆண்டுதோறும் தங்கள் மடுவில் படைப்பவர்கள் இவ்வாண்டு மதகின் முன்னால் படைக்க வந்தார்கள். வருத்தமா, வன்மமா என்று தையல்நாயகியின் முகத்திலிருந்து அறிய முடியவில்லை. உத்திராபதி வழக்கம்போல் நாலேகாலுக்கே எழுந்து வந்து, செய்வதற்கு ஒன்றுமின்றிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அபயாம்பிகை கைக்கணினியில் நிழலாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலரை ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

நாலு முப்பத்தெட்டுக்கு மேடையின் மேலிருந்து ஒரு முனகல் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். மோட்டார் ஓடியது. திருகுத் தண்டு துருவை உதிர்க்காமல், கிரீஸ் தடவிய அந்தப் பகுதி மட்டும் மேலெழ, மெல்ல உயர்ந்தது. நான்கு விரற்கடை உயர்ந்ததும் நின்றது. மதகுக்குக் கீழே, ஊமையாற்றில், நீர் விழும் ஓசை எழுந்தது.

தையல்நாயகியின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. "மாமா! யாரு மாமா தொறந்தது?"

"நான் இங்கதானடி நிக்கிறேன்!" உத்திராபதி தம் கைகள் இரண்டையும் முன்னால் நீட்டிக் காட்டினார். "அம்மா, நீங்களா?"

"நான்தான்" என்றார் அபயாம்பிகை. "நான் பண்ணின தப்பு. அதுதான் திறந்திருக்கு."

ஓசை கேட்டுப் பயணியர் விடுதியிலிருந்து சௌரிராஜன் வேட்டியும் பனியனுமாக, வாயில் பல்துலக்கியுடன் வந்தார். அபயாம்பிகை கைக்கணினியை அவரிடம் நீட்டினார். திரையில் ஒரே வரி: நாணல்மேடு: விடியற்கசிவு நிகழவில்லை, இயல்பு மீட்கப்பட்டது.

"என்னம்மா இது?"

"இந்த இடத்துல விடியற்காலையில மட்டம் ஒரு நூல் இறங்கணும்னு நிழலாறு படிச்சிருக்கு சார். அதுதான் ஆத்தோட சுபாவம்னு நான் சொல்லிக் கொடுத்தேன். இன்னைக்கு இறங்கல. ஆத்துக்கு ஏதோ உடம்பு சரியில்லன்னு நினைச்சு, மட்டத்தை இறக்கப் பக்கத்துல எது வழின்னு தேடியிருக்கு. ஆத்துக்குக் குறுக்கே இருக்கிற மதகுகளைத் திறந்தா கீழே மட்டம் ஏறிடும்; மிச்சம் இந்த ஒரு மதகுதான்."

"நிறுத்தச் சொல்லுங்க."

"சொல்லலாம். ஆனா நிழலாறு இயல்புன்னு கொண்டதை மனுஷங்க மறுக்கக் கூடாதுன்னு உடன்படிக்கையில இருக்கு. கையெழுத்துப் போட்டவங்கள்ல நீங்களும் ஒருத்தர்."

சௌரிராஜன் வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தார். கீழே பெண்கள் நீரில் இறங்கிவிட்டிருந்தார்கள், ஒருத்தி குலவையிட்டாள். அவர் கைப்பிடிச் சுவரில் குனிந்து அவர்களைப் பார்த்தார்.

"அப்போ ஊமையாறு?"

"இயல்பு, சார்."

"சரி. நேத்துக் கொடுத்த அறிக்கையைத் திருத்தாமக் கொடுங்க. கையையும் சேர்த்து, பேரையும் சேர்த்து. மறைச்சா அப்புறம் எவனாவது தோண்டுவான். ஆத்துப் பட்டியல்ல ஒரு வரி கூடுறதுல எனக்கென்ன நஷ்டம்?" திரும்பி உத்திராபதியைப் பார்த்தார். "யோவ், எட்டு மணிக்கு அளவை ஒழுங்கா எடு. இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கு உனக்கு."

சரியாக ஆறரைக்கு மதகு தானே மூடிக்கொண்டது.

அன்று பிற்பகல், திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பும் வழியில், அபயாம்பிகை ஒரு காரியம் செய்தார். ஆயிரக்கணக்கான மதகுகளின் அன்றாடக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை; அவரும் படித்ததில்லை. 'இயல்பு மீட்கப்பட்டது' என்ற தொடரை மட்டும் அவற்றில் தேடினார். குடகிலிருந்து கடல் வரை, இரண்டு மாநிலங்களிலும், அது இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் இருந்தது. ஒவ்வோரிடத்திலும், சக்கரத்தைக் கழற்றிய மறுநாள் விடியலில் அது தொடங்கியிருந்தது.

ஐப்பசியில், ஊமையாறு மீண்டும் பட்டியலில் ஏறிய பின், அவர் ஆற்றின் எதிர்த்திசையில் பயணம் செய்தார். கர்நாடகத்தில், காவிரியிலிருந்து பிரியும் ஒரு சிறு வாய்க்காலின் தலைப்பில், ஹொன்னகட்டை என்ற சிற்றூர். அங்கிருந்த மதகுக் காவலர் சன்னப்பாவுக்குத் தமிழ் பாதி வரும். மேடையின் படிகளில் அபயாம்பிகை ஏறத் தொடங்கியதுமே அவர் பதறிக்கொண்டு பின்னால் வந்தார்.

"அது மூடின கேட் அம்மா. நூறு வர்ஷம் ஆச்சு. அதுல நோடறதுக்கு ஒண்ணும் இல்லை."

திருகுத் தண்டு முழுவதும் துருவேறியிருந்தது, ஓரிடத்தைத் தவிர. அபயாம்பிகை கட்டைவிரலை மடக்கிக்கொண்டு கையை வைத்தார். நான்கு விரல்கள்.

"காலையில எட்டு மணிக்குத்தானே இங்கயும் அளவு எடுப்பீங்க?" என்றார்.

சன்னப்பா தண்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "ஆமாம் அம்மா. இங்கிலீஷ்காரன் காலத்து ரூலு. நதி முழுக்க எட்டு மணிதான்."

"அதுக்கு முன்னாடி திறந்து மூடினா தெரியாது. நாலு விரலுக்கு மேல போனா தெரிஞ்சிடும். இல்லையா?"

சன்னப்பா கீழே கைகாட்டினார். வாய்க்காலின் வளைவில் ஓர் ஆழமான குட்டை. அதில் ஆள் நீளத்துக்கு மீன்கள், செதில்கள் பொற்காசுகளாக மின்ன, மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. "தேவரு மீனு, சாமி மீனு. யாரும் பிடிக்க மாட்டாங்க. கோடையில குட்டை வத்திடும் அம்மா. ஊருக்கும் அதே தண்ணிதான். ரெண்டு வர்ஷம் முன்னே சக்கரத்தை எடுத்துக்கிட்டு போனாங்க. நான் அழுதுட்டேன். மறுநாள் காலையில பார்த்தா, தானே திறக்குது! காவேரியம்மனே திறக்கிறான்னு எங்க ஊர்ல சொல்றாங்க. நாங்க யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நிறுத்திடுவாங்கல்ல?" கை கூப்பினார். "நீங்களும் பரீபேடி அம்மா. எழுதாதீங்க."

ஓரிடம் என்றால் ஒருவரை ஐயுறலாம் என்று, மண்டபம் நிறைந்த கைத்தட்டலுக்கு நடுவே, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் பேசியது அபயாம்பிகைக்குக் கேட்டது. அவர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, எண்ணிட்டு, ஊரின் பெயரை எழுதினார்.

"எழுதத்தான் போறேன். உங்க பேரு, குட்டையோட பேரு, அந்தத் தண்ணியைக் குடிக்கிறவங்க எத்தனை பேரு, எல்லாம் சொல்லுங்க. எழுதினாத்தான் இனிமே யாராலயும் மூட முடியாது. இன்னும் இருநூத்திப் பத்து இடம் இருக்கு எனக்கு."

சன்னப்பா கூப்பிய கைகளை இறக்காமலே பெயரைச் சொல்லத் தொடங்கினார். முழுவதையும் எழுதி, ஒருமுறை படித்துக்காட்டித் திருத்திய பின், அபயாம்பிகை படிகளில் இறங்கினார். பாதியில் நின்று, திரும்பித் தண்டைப் பார்த்தார்.

"கிரீஸ் இருக்கா?"

"இருக்கு அம்மா."

"அப்படின்னா இன்னைக்கே முழுத் தண்டுக்கும் போடுங்க. இனிமே இது ஒளிச்சு வைக்கிற மதகு இல்ல" என்றார்.